தனியாள், வயது 43

ஆகஸ்ட் 18, 2024, ஞாயிறு

வயதுக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் போட்டிருக்கிறார்கள். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிகளின்படி, தனியாக வளர்க்க வருகிறவருக்கு 40 வயது வரை என்றால்தான் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை. 45 வரை என்றால் நான்கு வயது வரையுள்ள பிள்ளை, 50 வரை என்றால் எட்டு வயது வரை. எனக்கு 43. கைக்குழந்தை என்ற பேச்சு அந்த அட்டவணையோடு முடிந்தது.

அடுத்தது பாஸ்போர்ட். இந்தியக் குடியுரிமையை விடாமல் இருந்திருந்தால், வெளிநாட்டில் வாழும் இந்தியராக, உள்நாட்டுப் பெற்றோர் நிற்கும் அதே வரிசையில் நின்றிருப்பேன். அமெரிக்கக் குடிமகளாகிவிட்டதால், அவர்கள் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த பிறகே என் முறை. இந்திய வம்சாவளி என்பதால் மற்ற வெளிநாட்டாருக்கு முன்னால் என்பது ஓர் ஆறுதல். ஆனால் குடியுரிமை மாறாமல் இருந்தால் ஐ-800ஏ என்ற அமெரிக்கத் தத்து அனுமதிப் படிவத்தைப் போட முடியாது, அதாவது பிள்ளையை உடனே இந்த ஊருக்குக் கூட்டிவர வழியில்லை. இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிரிப்புதான் வருகிறது.

தனி ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தனிப் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. பெண்ணாய்ப் பிறந்ததற்கு ஒரு சலுகை, எடுத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 7, சனி

சீனா வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவிட்டது. நெருங்கிய உறவினர் எடுப்பதற்கு மட்டும் விலக்கு. 1992 முதல் அமெரிக்காவுக்கு மட்டும் 80,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். பிள்ளையின் போட்டோ வரை கைக்கு வந்து, கோவிட் காலத்தில் இருந்து காத்திருக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு இனி என்ன சொல்வார்கள்?

2004இல் அமெரிக்காவுக்கு வெளிநாடுகளிலிருந்து ஏறக்குறைய 23,000 குழந்தைகள் தத்தாக வந்தார்கள். 2023இல் 1,300கூட இல்லை. தோழிகள் இதைச் சொல்லி உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 23,000இல் எத்தனை பேருக்குப் பெற்றவள் உயிரோடு எங்கோ தேடிக்கொண்டிருந்தாள் என்று யார் பார்த்தார்கள்? நம் சென்னையிலேயே 1990களின் கடைசியில் நடைபாதையிலும் குடிசைப் பகுதிகளிலும் திருடப்பட்ட குழந்தைகள் போலிக் காகிதங்களோடு வெளிநாட்டுக்குத் தத்துப் போன கதை 2005இல் வெளியே வந்தது. பிள்ளையைத் தேடி ஒரு பெற்றோர் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். பழைய தத்துகளில் நடந்த முறைகேடுகளை விசாரித்த ஒரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு அந்த நாடு 2021இல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது.

இந்தியாவில் இதற்கெல்லாம் முன்பே, லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை மனுவாக எடுத்துக்கொண்டு, 1984இல் நீதிபதி பகவதி ஒரு தீர்ப்பு எழுதினார். முதலில் உள்நாட்டில் வீடு தேடு, கிடைக்காவிட்டால் மட்டும் வெளியே அனுப்பு என்பது அதன் சாரம். இன்று 'காரா' என்ற மத்திய ஆணையம் என்னைப் பின்வரிசையில் நிறுத்துவதற்கு வேர் அங்கே இருக்கிறது. நிற்கிறேன். பிள்ளையைக் கொடுத்தவளுக்கு மனசு மாற 60 நாள் அவகாசம் தருகிற சட்டம் எனக்காக அவசரப்பட வேண்டாம்.

அக்டோபர் 5, சனி

வீட்டையும் ஆளையும் ஆராயும் ஹோம் ஸ்டடிக்குச் சமூகப் பணியாளர் வந்தார். என் அம்மா வயது இருக்கும். தண்ணீர்கூட வேண்டாம் என்றவர், இரண்டாம் மணி நேரத்தில் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

18 வயதிலிருந்து குடியிருந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் போலீஸ் சான்றும், குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை என்ற சான்றும் வேண்டும். சென்னை ஹாஸ்டல், ஒஹாயோ, நியூ ஜெர்சி. இந்தியாவில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது என்று விளக்கினேன். அதையும் எழுதிக்கொண்டார். சம்பளம், கடன், சர்க்கரை, கொழுப்பு, அப்பாவோடு உறவு எப்படி, அடித்து வளர்த்தார்களா, கல்யாணம் ஏன் ஆகவில்லை. கடைசிக் கேள்வியை ஊரில், திருச்சியில், கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். இவர் கேட்ட தோரணையில், பதிலை நானும் யோசித்துத்தான் சொன்னேன்.

பிறகு, "உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்றார். கணவனும் மனைவியுமாக வருகிறவர்களைவிடத் தனியாளை இந்த இடத்தில் கூடுதலாகக் குடைகிறார்கள். குடையட்டும். ஏற்கெனவே ஒரு தாயை இழந்த பிள்ளை.

அப்படி ஆனால் பிள்ளைக்குப் பாதுகாவலராக இருப்பாயா என்று கேட்க, ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். அவன், "அக்கா, யோசிச்சுச் சொல்றேன்" என்றான். போனை அவன் மனைவி வாங்கினாள். "அண்ணி, எங்க பேரை எழுதுங்க. இவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை காலேஜுக்குப் போயிடும்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் முடிவெடுக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

நான் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் பகல் ஷிப்ட். யாரோ கொண்டுவந்த மைசூர்பாகு. வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, எப்படிப்பட்ட உடல்நிலையுள்ள பிள்ளையை ஏற்பேன் என்று கேட்டு ஏஜென்சி அனுப்பிய படிவத்தை எடுத்தேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டது.

வரிசையாக நோய்களின் பெயர்கள். எதிரே மூன்று கட்டங்கள்: சரி, முடியாது, பேசலாம். உதட்டுப் பிளவு. வளைந்த பாதம். இதயத்தில் ஓட்டை. காது கேளாமை. தலசீமியா. ஹெபடைடிஸ் பி. எச்ஐவி. வலிப்பு. குறைமாதப் பிறப்பு. தாய் பற்றி விவரம் இல்லை.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குத் தத்துப் போகிறவர்களில் உடற்குறை உள்ளவர்கள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், ஐந்து வயது தாண்டியவர்கள் ஆகியோருக்குச் சட்டமே முன்னுரிமை தருகிறது. ஆகவே இது கற்பனைக் கேள்வித்தாள் இல்லை. தலசீமியா என்றால் ஹீமோகுளோபின் எந்த எண்ணுக்கு இறங்கும்போது ரத்தம் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணைத் தினமும் அச்சடித்து மேலே அனுப்புகிறேன். அந்தச் சீட்டோடு மாதாமாதம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்ததில்லை.

உதட்டுப் பிளவு, பாதம், ஹெபடைடிஸ் பி: யோசிக்காமல் சரி. எச்ஐவிக்கும் சரி. இன்றைய மருந்துகளோடு அந்தப் பிள்ளை முழு ஆயுள் வாழலாம், ஊர் வாயைத்தான் சமாளிக்க வேண்டும். காது கேளாமைக்கும் சரி போட்டேன். பிள்ளையோடு நானும் சைகை மொழி படித்தாக வேண்டும், படிக்கலாம். தலசீமியாவுக்குப் பேசலாம். ஒருவர் சம்பளம், ஒருவர் லீவு, ஒரே ஆள் கார் ஓட்ட வேண்டும் என்ற கணக்கில், முழுநேரமும் கூடவே ஆள் தேவைப்படும் சில நிலைகளுக்கு முடியாது என்று போட்டேன். பெற்றுக்கொள்கிறவர்களிடம் இப்படி ஒரு தாளை யாரும் நீட்டுவதில்லை. நீட்டினால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆனாலும் நான் போட்ட ஒவ்வொரு 'முடியாது'க்கும் எங்கோ ஒரு பிள்ளை இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கச் சொல்லி தத்தெடுப்பவர்களுக்கான பத்து மணி நேரப் பயிற்சியில் யாரும் கற்றுத்தரவில்லை, நல்லவேளை.

நவம்பர் 17, ஞாயிறு

வயதுக் கட்டத்தில் "நான்கு முதல் ஏழு வரை" என்று எழுதி, ஆணோ பெண்ணோ என்று குறித்து, மொத்தக் கட்டையும் அனுப்பிவிட்டேன். இனி கைரேகை, பிறகு அமெரிக்க அனுமதி, அடுத்து டெல்லியில் உள்ள காரா. அதற்கும் பிறகுதான் ஒரு பிள்ளையின் பெயரைப் பார்ப்பேன். கடைசி உத்தரவை இப்போதெல்லாம் மாவட்ட ஆட்சியரே போடுகிறார். முன்பு நீதிமன்றத்தில் அதற்கு ஒரு தனிக் காத்திருப்பு இருந்தது.

அம்மாவுக்கு இன்றுதான் முழு விவரமும் சொன்னேன். தம்பி மனைவி முன்கூட்டியே அடித்தளம் போட்டுவைத்திருந்தாள் போல, அழுகை எதுவும் இல்லை.

"சேலத்துல தொட்டில்ல போட்டுட்டுப் போவாங்களே, அந்த மாதிரி புள்ளையா?"

"இருக்கலாம்மா. தமிழ்நாடாத்தான் இருக்கும்னு சொல்ல முடியாது. ஒடிசாவா இருக்கும், மகாராஷ்டிராவா இருக்கும்."

"ஏண்டி, ஆறு வயசுப் புள்ளைன்னா வாய் நிறையப் பேசுமே. நீ அதுகிட்ட என்னத்தப் பேசுவே?"

எனக்கு இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். ஒடியாவும் மராத்தியும் சுத்தம்.

"கத்துக்கணும்" என்றேன்.

"மொதல்ல அதைச் செய். சான்றிதழ் வாங்கவா நேரம்" என்று சொல்லிவிட்டு, சீரியல் ஆரம்பித்துவிட்டது என்று போனை வைத்தாள். எந்த மாநிலம் என்று தெரியும்வரை இந்தியிலேயே ஆரம்பிக்கலாம் என்று புதன்கிழமை மாலை வகுப்பு ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.