மூவாரில் அம்மாவின் கித்தா மரம்

மூவாருக்குப் போனால் மீ பண்டோங் சாப்பிடாமல் திரும்பாதே என்று வானொலி நிலையத்தில் எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். நான் போனதோ ஒலிப்பதிவுக்கு, ஒரு தளவாடத் தொழிற்சாலைக்கு. துணைக்கு அம்மாவும் வந்தார்.

ஜொகூரின் இந்த ஆற்றங்கரை ஊர் மேசை நாற்காலிக்குப் பெயர்போனது. இங்கே முக்கிய மரம் கித்தா. பதினெட்டு வயதுவரை அம்மா பால் சீவிய அதே மரம்.

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். "அப்பல்லாம் சாய்ச்சி, குவிச்சி, தீ வெச்சிடுவாங்க. மிச்சம் விறகுக்கு" என்றார் அம்மா.

எரித்ததற்குக் காரணம் இருந்தது. கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூசணம் படரும், வண்டு துளைக்கும். இப்போது அறுத்த கையோடு பலகைகளை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றுகிறார்கள். பிறகு சூட்டறையில் காய்கிறது. 1980களில் இம்மரம் ஏற்றுமதிச் சரக்கானது. குட்டையான துண்டுகளின் முனைகளைப் பல்பல்லாக வெட்டி, விரல் கோத்ததுபோல ஒட்டி நீளப் பலகையாக்குகிறார்கள். நான் பார்த்த சூட்டறைக்கு எரிபொருள் மரத்தூள்தான்!

ஓரமாகக் கிடந்த ஒரு துண்டை அம்மா எடுத்தார். அதில் கறுத்த வடு.

"இது உளி ஆழமாப் போன இடம்."

மேற்பார்வையாளர் தலையாட்டினார். காயம்பட்ட அடிமரம் நல்ல பலகைக்கு ஆகாதாம்.

"இதுக்குத்தான் கிராணி எங்க அம்மாவுக்கு அரைப்பேரு போட்டாரு" என்றார் அம்மா. முழுநாள் உழைப்புக்கு அரைநாள் சம்பளம். பாட்டி சீவிய மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, லயத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று தலைமுறை ஒரு லோரியில் ஏறியது.

"பால் வத்தின மரத்துக்கு ஒரு வழி பண்ணிட்டாங்க, பாரு."

அம்மா இதைச் சொன்னபோது என் ஒலிவாங்கி அணைந்திருந்தது. வானொலிக்காரி நான், இன்னும் நொந்துகொள்கிறேன்.

அந்தத் துண்டை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். கோலாலம்பூர் வரும்வரை அது அவர் மடியிலேயே இருந்தது. மீ பண்டோங்கை இருவருமே மறந்துவிட்டோம்.