எந்த ஆறு நம் ஆறு?

நியூசிலாந்தின் வடதீவில், வைக்காட்டோ ஆற்றின் இரு கரைகளிலும் பரந்திருக்கிறது ஹாமில்டன் நகரம். சென்னையிலிருந்து அங்கே குடியேறியபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. புதிய நாட்டில் பிள்ளைகளின் ஆங்கிலம் எப்படியிருக்குமோ என்பதே எங்கள் கவலையாக இருந்தது. பள்ளியில் எங்களை முதலில் எதிர்கொண்டதோ வேறொரு மொழி.

புதிய குடும்பத்தினர் அனைவரும் வாயிலிலேயே காத்து நின்றோம். உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் நீண்டு எழுந்தது. 'கரங்கா' எனப்படும் அந்த அழைப்பு, வருவோரை மட்டுமன்றி அவர்தம் முன்னோரையும் விளிப்பது. உரைகளும் பாடல்களும் முடிந்தபின், மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் ஒற்றி எங்களை வரவேற்றனர். ஒரே மூச்சை இருவர் பகிர்ந்துகொள்ளும் இவ்வணக்கத்திற்கு 'ஹொங்கி' என்று பெயர். மகன் என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். உணவு உண்ட பின்னரே வரவேற்பு நிறைவடையும் என்றார்கள். என் மனைவிக்கு அந்தப் பகுதி உடனே பிடித்துப்போயிற்று.

சில வாரங்களில் மகள் ஒரு வீட்டுப்பாடத்துடன் வந்தாள். மாவோரி மக்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறை 'பெபெஹா'. முதலில் தம் மலையைச் சொல்வர். பிறகு ஆற்றை, முன்னோர் வந்த படகை, குலத்தைச் சொல்வர். பெயர் கடைசியில்தான் வரும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்றவர்க்கு இவ்வரிசை அயலாகத் தோன்றாது. அம்மொழியில் 'வை' என்னும் சொல்லுக்கு நீர் என்றும் பொருள். யார் என்றும் பொருள்.

"அப்பா, நம்முடைய மலை எது? ஆறு எது?"

சேரன்மாதேவியில் இருக்கும் என் தாயிடமே கேட்கட்டும் என்று தொலைபேசியைக் கொடுத்தேன்.

"இதுல கேக்க என்னட்டி இருக்கு? மலைன்னா பொதிகை, ஆறுன்னா தாமிரபரணி" என்றார் ஆச்சி. வழக்கமாக, 'சாப்பிட்டாயா' என்பதோடு முடிந்துவிடும் உரையாடல் அன்று ஒரு மணி நேரம் நீண்டது. படித்துறை, மழைக்கால வெள்ளம், நீச்சல் பழகிய நாள்கள் எல்லாம் வந்தன.

மகளுக்கு ஓர் ஐயம் எஞ்சியது. "அந்த ஆற்றை நான் இரண்டு தடவைதானே பார்த்திருக்கிறேன்? வைக்காட்டோவைத்தானே தினமும் பார்க்கிறேன்?"

அவளுடைய ஆசிரியை மாவோரி இனத்தவர். வைக்காட்டோ அக்குல மக்களுக்கு மூதாதை. அதை உன்னுடையது என்று சொல்லலாகாது, அதன் கரையில் வாழ்கிறேன் என்று சொல்லலாம். உன் முன்னோரின் ஆற்றை உன் ஆறு என்று சொல் என்று அவர் விளக்கினாராம். ஒரு நாட்டுக்குப் புதிதாக வந்தவர்க்கு இதைவிடத் தெளிவாக இடம் காட்டிய சொல்லை நான் கேட்டதில்லை.

அந்த ஆசிரியை தம் மொழியை முப்பது வயதுக்குமேல் மாலை வகுப்பில் கற்றவர். அவருடைய பாட்டி பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடிபட்டார். அந்த அச்சத்தில் தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைச் சொல்லித் தரவில்லை. அந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு, பள்ளிகளில் மாவோரி கற்பிக்க வேண்டுமென நாடாளுமன்றத்திடம் முறையிட்டனர். 1982இல், மழலையர்க்கான 'மொழிக்கூடு' எனும் பொருள்கொண்ட 'கோஹங்கா ரெயோ' தொடங்கப்பெற்றது. 1987இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. எங்கள் வீட்டில் எவரும் எவரையும் அடிக்கவில்லை. ஆயினும் தமிழில் கேட்டால் மகன் ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்கியிருந்தான்.

பள்ளி அவையில் மகள் மாவோரியில் பேசினாள். அறியாத ஒலிகளுக்கு நடுவே பொதிகையும் தாமிரபரணியும் வந்து விழுந்தன. பிறகு வைக்காட்டோவும் வந்தது. படகு என்னும் வரியை அவள் விட்டுவிட்டாள். அடுத்த ஆண்டு தன் முறை வந்தபோது மகன் அதை விடவில்லை. ஆச்சியிடம் தமிழிலேயே கேட்டுப் பார்த்தான். "நாம படகுல எங்கய்யா போனோம்?" என்று அவர் சிரிக்கவே, நாங்கள் வந்த விமானத்தின் பெயரை எழுதிக்கொண்டு போனான்.