நடுவே வைகை

பாதை தேடும் அல்காரிதங்களைப் படமாக ஓட்டிக்காட்டும் வலைப்பக்கங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் அதே கட்டம் போட்ட தாள். பச்சைக் கட்டத்திலிருந்து சிவப்புக் கட்டத்துக்கு வழி தேடும். சுவர்களை நாமே மவுஸால் வரைய வேண்டும். நாமே கட்டிய சுவரில் என்ன ஆச்சரியம் இருக்கும்? அதனால் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து மதுரைத் தெருக்களை இறக்கி, சந்திப்புகளை நோடாகவும் தெருக்களை எட்ஜாகவும் வைத்து, பிரவுசரில் ஓடும்படி ஒன்றை எழுதினேன்.

முதலில் டைக்ஸ்ட்ராவின் அல்காரிதம். 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல், 20 நிமிடத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அச்சேறியது 1959-ல். புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் உள்ள சந்திப்பை எடு, அதை ஒட்டிய சந்திப்புகளின் தூரத்தைத் திருத்து, அடுத்ததை எடு. அவ்வளவுதான் விஷயம். தேடல் தொட்ட தெருவுக்கு நிறம் ஏறும். மீனாட்சியம்மன் கோயில் கீழக்கோபுர வாசலில் தொடங்கினால் மேலக்கோபுரத்தை எட்டுமுன்பே கீழ ஆவணி மூல வீதியில் நிறம் ஏறிவிடுகிறது. கோயிலுக்குள் ரோடு கிடையாதே, சுற்றித்தான் போக வேண்டும்! பிறகு மாசி வீதிகள், வெளி வீதிகள். போகவேண்டிய இடம் தெற்கே இருந்தாலும் வடக்கேயும் அதே அக்கறையோடு தேடும்.

ஏ ஸ்டார் அல்காரிதம் அப்படியில்லை. 1968-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் வெளியிட்டது. நடந்த தூரத்தோடு, இலக்குக்கு நேர்கோட்டில் மிச்சமிருக்கும் தூரத்தையும் கூட்டிப் பார்க்கும். ஆரப்பாளையத்திலிருந்து தெப்பக்குளம் என்று கொடுத்தால் நிறம் கிழக்கு நோக்கி ஒடுங்கலாக நீள்கிறது.

ஆனால் சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து எதிர்க்கரைச் செல்லூர் என்று கொடுத்துப் பாருங்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் ஆற்றங்கரையில் நின்றுவிடும். நேர்கோட்டுக்குச் செல்லூர் பக்கம்தான். வைகை நடுவே கிடப்பது அதற்குத் தெரியாது. கரையோரச் சந்து ஒவ்வொன்றிலும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் பரவி, 1889-ல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கண்டதும் சட்டென்று வடகரையில் பாய்கிறது. யானைக்கல் தரைப்பாலத்தை அழிக்கவும் ஒரு பட்டன் வைத்தேன். வெள்ளம் வந்தால் நிஜத்திலும் அதை மூடிவிடுவார்கள். நேர்கோட்டுத் தூரத்தை இரண்டால் பெருக்கி அவசரப்படுத்தினால் தேடல் சீக்கிரம் முடியும். ஆனால் கிடைக்கும் வழி சில சமயம் சுற்றுவழி. ஷேர் ஆட்டோக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சித்திரைத் திருவிழாவுக்கு இது எதுவும் உதவாது. அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு டைக்ஸ்ட்ரா நேராக ரோட்டைக் காட்டிவிடும். ஊர்வலமாக வரும் அழகரோ வழியில் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, தல்லாகுளத்தில் தங்கி, ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய்த்தான் திரும்புவார். எல்லா இடத்தையும் தொட்டுத் திரும்பும் மிகக் குறுகிய வழி கணினிக்கு இன்னும் கஷ்டமான கணக்கு. மண்டகப்படிகளை மேப்பில் குறித்துக்கொண்டிருக்கிறேன். முடிகிற வழியாக இல்லை.