யந்திரத்தின் செவி

சரி, பிழை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவரையே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய கருத்து. பரீட்சைத் தாளுக்கும் இது பொருந்தும். தேயிலைத் தோட்டத்துத் தராசுக்கும் பொருந்தும். அண்மையில், சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், ஒரு விளையாட்டு யந்திரத்தின் முன்னே, இக்கருத்து எனக்கு மேலும் உறுதிப்பட்டது.

இசை கற்பிக்கும் கணினி விளையாட்டுக்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளன. 2011ஆம் ஆண்டில் யூபிசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'ரொக்ஸ்மித்' இவ்வகையில் பேர்பெற்றது. அதற்கு முன் புகழ்பெற்றிருந்த இசை விளையாட்டுக்களில் பொத்தான்கள் பதித்த பிளாஸ்டிக் கிட்டாரைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இதிலோ உண்மையான கிட்டாரையே ஒரு கம்பி வழியாகக் கணினியுடன் இணைக்கலாம். திரையிலே பாட்டின் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். வாசிப்பவன் உரிய கணத்தில் உரிய தந்தியை மீட்ட வேண்டும். கணினி அதைச் செவிமடுத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிவிடும். சங்கீத ஆசிரியரை வைத்துக்கொள்ள வசதியற்ற பிள்ளைகளுக்கு இது நல்லதொரு வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

வட்டவளையில் நாங்கள் வாழும் லயத்துக்கும் இவ்வகை விளையாட்டொன்று வந்து சேர்ந்தது. அதன் பெயர் இங்கு அவசியமில்லை. கொண்டுவந்தவன் என் தங்கை மகன். மலையகத்து வாலிபர் பலரையும் போலப் படிப்பு முடிந்ததும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன், மூன்றாண்டுச் சேமிப்பில் பழைய கணினி ஒன்றும், கைமாறி வந்த பேஸ் கிட்டார் ஒன்றும் வாங்கி வந்தான். பேஸ் கிட்டார் பெரும்பாலும் நான்கு தந்திகள் கொண்டது. சாதாரணக் கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. இளையராஜாவின் பாட்டுக்களைக் கூர்ந்து கேட்பவர்கள், பாடுவோர் குரலுக்கு அடியிலே தனியொரு பாட்டாக நடந்து செல்லும் அதன் ஒலியை அறிவார்கள். ஒரு காலத்தில் விடியற்காலையில் எம்மவரைப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பு. காமன் கூத்தில் ஆட வைத்ததும் தப்பு. அந்த முழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அடியொலியின்மீது ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கிற்று. மேல் தந்திகளில் அவன் மீட்டியதைக் கணினி ஏற்றுக்கொண்டது. அடித்தந்தியில் மீட்டியதையோ பெரும்பாலும் 'தவறு' என்றே தள்ளிற்று. பத்து முறை மீட்டினால் இரண்டு முறைதான் அதற்குக் கேட்டது. அவன் விரல் தோல் உரியும்வரை வாசித்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மாலை என்னிடம் சொன்னான்:

"மாமா, மத்த கம்பியெல்லாம் வருது, இது மட்டும் நமக்குப் பிடிபடல்ல. என் விரல்லதான் கோளாறு."

என் மனத்தைத் தைத்தது அந்தக் கடைசி வாக்கியந்தான். கணினியின் செவியிலோ, இணைத்த கம்பியிலோ கோளாறு இருக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு எழவில்லை. தவறு என்று மேலிருந்து ஒரு குரல் வந்தால், தவறு நம்முடையதாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பழகிய பரம்பரை அல்லவா நாம்! நான் விஞ்ஞானம் கற்பிப்பவன். "விரலை விடு, முதலில் மற்றதையெல்லாம் சோதிப்போம்" என்றேன்.

பேஸ் கிட்டாரின் அடித்தந்தி, வழக்கமான சுருதியில், விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வு முடிய 24 மில்லி விநாடி ஆகிறது. சுரம் இன்னதென்று கணினி துணிய வேண்டுமானால், பொதுவாக இரண்டு அதிர்வுகளையாவது அது முழுமையாகக் கேட்டாக வேண்டும். சாதாரணக் கிட்டாரின் அடித்தந்தியோ விநாடிக்கு 82 முறை அதிர்வது. அதைப் பாதி நேரத்தில் அறிந்துவிடலாம். ஆகவே பாட்டு விரைந்து செல்லும்போது, பேஸின் சுரத்தைக் கணினி உணர்ந்து முடிக்குமுன் அடுத்த சுரம் வந்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் உடன் எழுகின்றன. பேஸில் பல வேளைகளில் அடிப்படையைவிட இரட்டிப்பு அதிர்வே ஓங்கி நிற்கும். அப்போது கணினி ஒரு ஸ்தாயி ஏமாந்துவிடும். மனிதச் செவி இந்தக் குழப்பத்தில் எளிதில் அகப்படுவதில்லை.

இதை அறிந்தபின் சோதனையை வரிசையாகத் தொடங்கினோம். 'ஓடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் அவன் வாசிப்பைப் பதிவு செய்து, திரையில் அலைகளை எண்ணினோம். விநாடிக்கு 41 சரியாகவே இருந்தது. விரல் குற்றமற்றது என்பதற்கு அதுவே முதற் சாட்சி.

அடுத்துத் தந்தி. வட்டவளை இந்நாட்டின் மிக அதிக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்குச் சராசரி 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இந்த ஈரத்தில் தந்தி துருவேறி, அதன் ஒலி மங்கிவிடுகிறது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் திறந்த தந்தியின் சரி இரு மடங்கு அதிர்வு வரவேண்டும். சற்று விலகி வந்தது. புதிய தந்தி மாட்டி, பாலத்திலுள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்தோம். கம்பியின் முனையிலும் பாசி படிந்தாற்போல் களிம்பு ஏறியிருந்தது; துடைத்தோம். கணினியின் ஒலி அமைப்பு விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்க, விளையாட்டு எதிர்பார்த்தது 48,000, இரண்டையும் ஒன்றாக்கினோம். கிட்டாரின் கழுத்துப் பக்கத்து ஒலிவாங்கிக்கு மாற்றினோம். அங்கே அடிப்படை அதிர்வு வலுவாகக் கிடைக்கும். மீட்டாத தந்திகள் கூடவே அதிராதபடி விரலால் அடக்கச் சொன்னேன். இப்போது பத்துக்கு ஆறு கேட்டது.

மிச்சத்துக்குக் காரணம் விசித்திரமானது. எதையும் மீட்டாமல் பதிவு செய்தபோதும் திரையில் அலை தெரிந்தது. எண்ணினேன்: விநாடிக்கு 50. இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுவது. அதன் இரைச்சல் கிட்டாருக்குள் புகுந்திருந்தது. அடித்தந்தியின் மூன்றாம் மெட்டில் பிறக்கும் சுரம் 49. மேல் தந்தியைத் திறந்து மீட்டினால் 98. இரைச்சலின் இரட்டிப்போ 100. பேஸின் சுரங்களுக்கு நடுவே மின்சாரமும் ஒரு சுரமாக உட்கார்ந்திருந்தது! லயத்து அறையின் மின்செருகியில் 'எர்த்' எனப்படும் புவித்தொடுப்பு இல்லை. கணினியின் மின்னூட்டியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தில் ஓட்டினோம். இரைச்சல் பெரும்பாலும் அடங்கிற்று. பத்துக்கு ஒன்பது கேட்டது.

இந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றுகிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையம் எழுந்தது. இரண்டும் எங்கள் மலைகளின் நீரில் ஓடுபவை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. நாட்டுக்கு ஒளி கொடுத்த மலைகளில், லயங்களில் வாழ்ந்தோர் நெடுங்காலம் குப்பி விளக்கிலேயே இருந்தார்கள். ஒளி வந்தபோதும், எங்கள் அறைக்கு ஒரு கம்பி குறைவாகவே வந்திருக்கிறது. அந்தக் குறை, ஒரு பிள்ளையின் விரலில் பிழையாகப் பதிவாகிறது. சமூகத்தின் குறைகள் தனிமனிதனின் திறமைக் குறைவாக வேடம் போடுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

என் தாயார் கொழுந்து பறித்தவர். மலையிலிருந்து கூடையோடு இறங்கி மடுவத்தில் நிறுக்கும்போது, தண்ணீருக்கென்று சில இறாத்தல், சாக்குக்கென்று சில இறாத்தல் கழிப்பார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கைநிறையப் பறித்தவர்களுக்கும் சில நாட்களில் அரைப்பேர்தான் விழும். கழிவின் கணக்கைக் கேட்கும் உரிமை பறித்தவருக்கு இல்லை. இன்று எண்கள் மின்னும் புதிய தராசுகள் வந்திருக்கலாம். ஆயினும் அளக்கப்படுபவர் அளவுகோலைச் சோதிக்க முடியாத வரையில், தராசு பித்தளையாயிருந்தாலென்ன, மின்னணுவாயிருந்தாலென்ன?

இதனால் நான் யந்திரத்தை வெறுப்பவன் என்று எவரும் கொள்ள வேண்டாம். தங்கை மகனுக்கு அது பயன்பட்டது; இன்னும் பயன்படுகிறது. யந்திரம் மனிதனின் படைப்பு. அதன் செவிக்கு எல்லை உண்டு. அந்த எல்லை எங்கேயென்று விஞ்ஞானம் நமக்குச் சொல்லித் தருகிறது. அதைக் கற்காதவனுக்கு யந்திரம் எஜமானன். கற்றவனுக்கு அது வேலைக்கருவி. ஆசிரியர்களாகிய நாமும் ஒருவகைச் செவிகளே. ஓங்கிப் பேசும் பிள்ளையின் விடை நமக்கு உடனே கேட்கிறது. தாழ்ந்த குரலில், தயங்கித் தயங்கி, லயத்துப் பேச்சில் வரும் விடையைக் கேட்க இன்னும் சில கணங்கள் வேண்டும். அக்கணங்களைக் கொடுக்காமலே சிவப்பு மையால் கோடு கிழிப்போமானால், அந்தக் கணினிக்கும் நமக்கும் வேற்றுமை என்ன?

இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுகிறார்கள். தங்கை மகன் அவர்களுக்குச் சோதனை வரிசையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான்: மின்னூட்டி, கம்பி முனை, தந்தி, சுருதி, கணினி அமைப்பு. விரலை ஆறாவதாகத்தான் எழுதியிருக்கிறான். லயத்துக்குப் புவித்தொடுப்பு வேண்டுமென்று கையெழுத்துத் திரட்டும் மனுவொன்றும் அதே சுவரின் அருகே மேசைமேல் கிடக்கிறது. இதுவரை பதினேழு பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.