குதிரை திரும்பி வரும் ஊர்!

நியூயார்க் நகரத்தில் பஸ் ஏறி, மூணு மணி நேரத்துக்கு மேல் காடும் குன்றுமாகக் கடந்தால் பிங்ஹாம்டன். செனாங்கோ ஆறு, சஸ்குவெஹானாவில் வந்து கலக்கிற ஊர். சின்ன ஊர்தான். ஆனா, ரூபிக்ஸ் க்யூப் சுத்துற பசங்களுக்கு இது கோயில் மாதிரி. வேகமா க்யூப் சேர்க்கிற ‘ஃப்ரிட்ரிச் மெத்தட்’ தெரியும்ல? அந்த ஜெசிகா ஃப்ரிட்ரிச் பேராசிரியரா வேலை பார்த்த பல்கலைக்கழகம் இங்கேதான். 2003-ல் டொரன்டோ உலகப் போட்டியில் ரெண்டாவதா வந்தவங்க!

கேம்பஸுக்குப் போறதுக்கு முன்னாடி ரெக்ரியேஷன் பார்க். 1925-ல் வெச்ச குடை ராட்டினம், 60 மரக்குதிரை. சுத்துவட்டாரத்தில் இப்படி மொத்தம் ஆறு இருக்கு. ஷூ கம்பெனி முதலாளி ஜார்ஜ் எஃப். ஜான்சன், ‘காசு வாங்கவே கூடாது’ங்கிற கண்டிஷனோட கொடுத்தது. ஓசின்னா விடுவோமா? ஏறிட்டேன்.

ஒரு சுத்து முடிஞ்சு குதிரை அதே இடத்துக்கு வந்ததும் பகீர்னு ஒரு பழைய ஞாபகம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல போட்டோவைப் பூட்டுறேன்னு கிளம்பினேன். ரஷ்யக் கணித மேதை விளாதிமிர் ஆர்னால்ட், 1960-களில் பூனைப் படம் போட்டு விளக்கின கேயாஸ் கணக்கு அது. படத்தைச் சாய்வா இழு, சட்டத்துக்கு வெளியே போனதை வெட்டி உள்ளே ஒட்டு, திரும்பவும் இழு. நாலஞ்சு சுத்துல டி.வி-யில் சிக்னல் போன மாதிரி ஆயிடும். ரூம்மேட் போட்டோவை 124-க்கு 124 புள்ளியில் அஞ்சு சுத்து கலைச்சு, வைவாவில் கெத்தா நின்னேன். எக்ஸ்டர்னல் ஒண்ணுமே பேசலை. என்டரைப் பத்து தடவை தட்டினார். பல்லைக் காட்டிட்டு வந்து நின்னான் ரூம்மேட்! அந்த அளவுக்கு 15 சுத்துன்னா பழைய படம் தானா வந்துடும். 101-க்கு 101-ன்னா 25 சுத்து. புள்ளியெல்லாம் இடம்தான் மாறுது, நிறம் மாறலையே!

அந்த ஓட்டையை அடைக்கிற வழியைத்தான் 1998-ல் வந்த கட்டுரையில் ஃப்ரிட்ரிச் சொன்னாங்க. பரோட்டா மாஸ்டர் மாவை இழுத்து அடுக்குற மாதிரி படத்தைப் பட்டை பட்டையா வெட்டி, இழுத்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். பட்டைகளோட அகலம்தான் ரகசியச் சாவி. அதோட விடாம, புள்ளிகளோட நிறத்தையும் மாத்தி, ஒரு புள்ளியோட மாற்றம் அடுத்தடுத்த புள்ளிக்கும் பரவுற மாதிரி செஞ்சாங்க. அப்புறம் வந்த எத்தனையோ ஆராய்ச்சிக்கு இதுதான் அஸ்திவாரம்.

இவ்வளவு செஞ்சும், 2010-ல் எர்ஜான் சோலாக் குழு அதையும் உடைச்சுக் காட்டிச்சு. கலைஞ்சு தெரியறதெல்லாம் பூட்டு இல்லை பாஸ்! அடுத்தவங்க உடைக்கப் பார்த்தும் உடையாம நிக்கிறதுதான் பூட்டு. உங்க அந்தரங்க போட்டோவுக்கு, 2001-ல் இருந்து அப்படித் தாக்குப்பிடிக்கிற ஏ.இ.எஸ். போதும். நம்ம சொந்தக் கணக்கெல்லாம் ப்ராஜெக்டோட நிக்கட்டும்.

மணி அடிச்சது. குதிரை நின்னது, ஏறின அதே இடத்தில். ராட்டினத்துக்கு அது அழகு. பூட்டுக்கு?