ட்ரவுட்டுக்கு ஒரு நாள்

கிரகரி வாவிக்கரையில மூணு நாள் லீவு. “மச்சான், நீ இஞ்சத்தை ஆள்தானே, ட்ரவுட் பிடிக்க ஒரு பிளான் போடன்” என்றார்கள் யாழ்ப்பாணத்து நண்பர்கள்.

பிளான் லேசுதான். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, தெளிஞ்ச, ஓடுற தண்ணி வேணும். அதனால வாவியை விட்டுட்டு மேல ஓடைப் பக்கம் போகணும். விடியவே கிளம்பணும். அனுமதி எங்க எடுக்கிறதுன்னு முன்னாடியே விசாரிக்கணும்.

ஆனா இது நம்ம ஊர் மீன் இல்ல. 1880களில் வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்குக்காக, சீமையிலிருந்து முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பொரிக்க வைத்தது. வழியில் சூடு பட்டால் முட்டை கெட்டுப்போகும். அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதற்கும் ஐம்பது வருஷம் முன்பிருந்தே கோப்பித் தோட்டங்களுக்கு எங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். வந்து சேர்ந்தவர்களுக்கு லயம். 1948இல் அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமையும் போனது.

மீன் மேல கோபமில்ல, அதுவும் விரும்பியா வந்துச்சு? நாளைக்குப் போறோம்தான். ஓடைக்குப் போற பாதை லயங்களைத் தாண்டித்தான் போகுது. அந்த வழி முழுக்க நண்பர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.