ஞானஸ்நானத்துக்கு எத்தனை இலை?

பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றதும் நம் வீடுகளில் இப்போது முதலில் எழும் பேச்சு, எந்த டேவானைப் பிடிப்பது என்பதுதான். மண்டபத்துக்கு முன்பணம், வாசலில் பிள்ளையின் படம் போட்ட பேனர், மூன்றடுக்கு கேக், கேட்டரிங் சாப்பாடு என்று கணக்கு நீள்கிறது. அவ்வளவு வெள்ளி கையில் சேரும்வரை சடங்கு தள்ளிப்போகிறது. கடைசியில் பிள்ளை எழுந்து நடக்கும் வயதில், முதல் பிறந்தநாளோடு சேர்த்து 'ஒரே செலவில்' இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமோ, பிறந்த முதல் சில வாரங்களிலேயே ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் நடக்கும் வகுப்புக்காகச் சில வாரம் காத்திருக்கலாம், அதில் பொருள் இருக்கிறது. மண்டபத்துக்காகக் காத்திருப்பதில் என்ன இருக்கிறது? ஜொகூரின் ரெங்கம் போன்ற ஒரு சிற்றூரில், தாமான் வீட்டுக் கூடத்தில் இருபது பேருக்கு இலை போட்டு முடிக்கும் விருந்தே இந்தச் சடங்குக்குப் பொருத்தமானது என்பது என் கட்சி. சிக்கனம் அதற்கு இரண்டாவது காரணம்தான்.

முதல் காரணம் சடங்குக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்கிறார். நெற்றியில் அவர் சிலுவை வரைந்த பிறகு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்கள் விரலால் அதையே வரைகிறார்கள். தலையில் மூன்று முறை தண்ணீர், உச்சியில் கிறிஸ்மா எண்ணெய், பிறகு வெள்ளாடை. பாஸ்கா திரியிலிருந்து மெழுகுதிரியை ஏற்றி வாங்கிக்கொள்வது தகப்பனோ ஞானத்தகப்பனோதான். ஒவ்வொரு படியிலும் குறிப்பிட்ட ஒருவரின் கை வேலை செய்கிறது. சபை சாட்சியாக நிற்கிறது, பொறுப்பு நான்கு பேர் தலையில் இறங்குகிறது. பங்குப் பதிவேட்டிலும் அந்த நான்கு பெயர்கள் எழுதப்படுகின்றன. பின்னாளில் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் பக்கத்தில்தான் குறிக்கப்படும். ஞானப்பெற்றோரைப் பெருக்கிக்கொண்டே போகும் ஆசை நமக்கு மட்டும் வந்ததல்ல. ஐரோப்பாவில் அது முற்றிப்போய், ஞான உறவு காரணமாக யார் யாரை மணக்கலாம் என்பதே குழம்பியது. ஒருவர், மிஞ்சினால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போதும் என்று திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563இல் வரம்பு கட்டியது. கூட்டம் பெருகினால் உறவே குழம்பிப்போகும் என்பதற்குச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கும் அத்தாட்சி இது. முந்நூறு பேர் மண்டபத்தில் ஞானத்தாய் யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

இதற்கு உடனே வரும் மறுப்பு ரப்பர் தோட்டத்துக் காலத்தைக் காட்டுவது. அப்போது லயத்தில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் லயமே சாப்பிட்டது, இன்று இருபது பேரோடு கதவைச் சாத்துவது பட்டணத்துக் கஞ்சத்தனம், 'எங்களைக் கூப்பிடவில்லையே' என்ற மனத்தாங்கல் தலைமுறைக்கும் நிற்கும் என்பார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் லயத்தில் சாப்பிட்டவர்கள் யார்? தாய் பால்மரம் சீவப் போனபோது பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்கள், அண்டாவும் அரிசியும் கொடுத்தவர்கள், மறுநாளும் அதே வாசலில் நின்றவர்கள். அந்தப் பந்தி பெரிதாக இருந்தது, ஏனென்றால் பிள்ளையை வளர்த்த வீடே பெரிதாக இருந்தது. ரெங்கத்தைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். லயத்து உறவு கலைந்த பிறகு அதன் ஆள்கணக்கை மட்டும் மண்டபத்தில் திரட்டினால், வருகிறவர்களில் பலர் அந்தப் பிள்ளையை அடுத்துப் பார்ப்பது அதன் கல்யாணத்தில்தான். ஊருக்கென்று ஒரு பங்கு வேண்டுமானால் அது கோயிலிலேயே இருக்கிறது. ஞாயிறு பூசையில் ஞானஸ்நானம் நடந்தால் யாருக்கும் அழைப்பிதழ் தேவையில்லை.

வீட்டு விருந்துக்கு இந்த நாட்டில் இன்னொரு வேலையும் உண்டு. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு, இந்துக்கள் 86 விழுக்காட்டுக்கும் மேல். அதனால் பல வீடுகளில் தாய்மாமன் இந்து. காது குத்தில் மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமை உள்ள அந்த மனிதர், ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்க முடியாது. சட்டம் அதற்கு உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கரைக் கேட்கிறது. கோயிலில் அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக் கூடத்தில் அவருக்கு முதல் இலை போடலாம், பிள்ளையை மடியில் கொடுக்கலாம், ஞானத்தகப்பனை அவர் பக்கத்தில் உட்கார வைக்கலாம். பதிவேடு தர முடியாத மரியாதையை இருபது பேர் பந்தி தருகிறது. மண்டபத்தில் அவர் பதினெட்டாம் மேசையில் பிரியாணித் தட்டோடு இருப்பார்.

வேதத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறைக்காவலன் நள்ளிரவில் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்று, அந்த இரவே பவுலையும் சீலாவையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுகிறான். யாருக்கும் சொல்லி அனுப்ப நேரமில்லை, மகிழ்ச்சிக்கு அதனால் குறைவும் இல்லை. ஆனால் அதே வேதத்திலிருந்துதான் என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பும் வருகிறது. லூக்கா 14இல், விருந்து வைக்கும்போது உறவினரையும் வசதியுள்ள அயலாரையும் கூப்பிடாதே, திருப்பிச் செய்ய முடியாத ஏழைகளைக் கூப்பிடு என்று இயேசு சொல்கிறார். குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளும் விருந்து இந்தச் சொல்லுக்கு முன்னால் தலைகுனியத்தான் வேண்டும். மொய்க் கவரை எதிர்பார்க்கும் மண்டப விருந்தோ இன்னும் அதிகமாகத் தலைகுனிய வேண்டும். ஆகவே என் கட்சியில் ஒரு திருத்தம்: இருபது இலையில் இரண்டையாவது சொந்தக்காரர் அல்லாதவருக்கு ஒதுக்க வேண்டும். தோட்டத்தில் தனியாகத் தங்கிவிட்ட கிழவி, பக்கத்து வீட்டில் வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி என்று ஆளுக்குப் பஞ்சமில்லை.

2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கோயில் கதவுகள் மூடின. மீண்டும் திறந்தபோது ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளின் பெயரும் மற்றவர்களைப் போலவே பதிவேட்டில் இருக்கிறது. மண்டபத்துக்குக் காசு சேரட்டும் என்று பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள், இந்த மாதமே பங்குச் சாமியாரிடம் தேதி கேளுங்கள். சோற்றை வீட்டில் ஆக்கிக்கொள்ளலாம்.